படகில் வந்தவன் என்ற பொய்

ஆசிரியருக்கு,

குடியேற்றத்துக்கு வரம்பு வேண்டும் என்று கேட்பது தப்பில்லை. சரி, பேசட்டும். ஆனால் 2024 ஜூலையில் இங்கிலாந்தின் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் குத்திக் கொல்லப்பட்டதும் என்ன நடந்தது? கொன்றவன் படகில் வந்த அகதி என்று வதந்தியைக் கிளப்பினார்கள். அவன் பிறந்ததோ வேல்ஸில் உள்ள கார்டிஃபில். மறுநாளே சவுத்போர்ட் பள்ளிவாசல்மீது கல் விழுந்தது. சில நாளில், இங்கிலாந்தின் ராதரம் நகர் அருகே அடைக்கலம் கேட்டு வந்தவர்கள் தங்கியிருந்த ஹோட்டலின் கதவை ஒட்டி எரியும் குப்பைத்தொட்டியைத் தள்ளினார்கள். உள்ளே ஆட்கள் இருந்தார்கள்! இதை ‘மக்களின் கோபம்’ என்று பூசி மெழுகுபவர்களைப் பார்த்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. குடியேற்றக் கட்டுப்பாடு கேட்பவர்களே முதலில் இந்த ஆட்களைத் தங்கள் மேடையிலிருந்து இறக்கிவிட வேண்டும்.

- ஒரு வாசகர்