நத்தாருக்கு நுவரெலியா வா, மச்சான்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் நாங்கள் வீட்டில் இல்லாத நேரம் வந்திருக்கிறது. திரும்பி வந்துதான் பிரித்து வாசித்தேன். அம்மா சத்திர சிகிச்சைக்குப் பிறகு தடியில்லாமல் நடக்கிறா என்று எழுதியிருந்தாய். பெரிய சந்தோசம். மூத்தவளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த செய்தியை இங்கே எல்லாருக்கும் சொல்லிவிட்டேன்.

அடுத்த டிசம்பரில் குடும்பத்தோடு வந்தால் நுவரெலியாவில் சில நாள் நிற்கலாமா, ரொறன்ரோவில் பார்க்காத குளிரையா அங்கே பார்க்கப் போகிறோம் என்று கேட்டிருக்கிறாய். இந்த நத்தாருக்கு நாங்கள் போய் நின்றது அங்கேதான். அதனால் கண்ணால் பார்த்ததையே எழுதுகிறேன். கட்டாயம் வா. ஆனால் ஏப்ரலில் வராதே, டிசம்பரில் வா.

ஏப்ரல் சீசன் உனக்குத் தெரியும்தானே. குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி என்று கொழும்பே மலையேறி வந்துவிடும். கிரகரி வாவியைச் சுற்றி வாகனம் நகராது. நத்தார் நேரத்திலும் ஹோட்டல்கள் நிறைந்துதான் இருக்கின்றன, ஆனாலும் ஊர் மூச்சு விடுகிறது. பகலில் 20 பாகைக்குக் கிட்ட, இரவில் 10 பாகைக்குக் கிட்ட. வடகீழ்ப் பருவமழைக் காலம் என்பதால் பின்னேரம் மழையோ பனிமூட்டமோ வந்தே தீரும். காலையில் வெளியே போய்விட்டு நாலு மணிக்குள் அறைக்குத் திரும்பினால் ஒரு கரைச்சலும் இல்லை.

நாங்கள் கண்டி வழியாகக் காரில் போனோம். பேராதனையைத் தாண்டும்போது பிள்ளைகளுக்கு நாங்கள் படித்த இடத்தைக் காட்டினேன். அவர்களுக்குப் பெரிய அக்கறை இல்லை, எனக்குத்தான் நெஞ்சு நிறைந்தது. கம்பளை, புசல்லாவை, ரம்பொடை என்று ஏறும்போது, வளைவுக்கு வளைவு பூங்கொத்தோடு பையன்கள் நிற்பார்கள். நாம் வாங்காமல் போனால் குறுக்குப் பாதையால் ஓடி அடுத்த வளைவில் வந்து நிற்பார்கள். நாம் படித்த காலத்திலும் இப்படித்தான் ஓடினார்கள். பாடசாலை வயதுப் பிள்ளைகள், மச்சான். பூ வாங்கினேன், ஆனால் மனது ஆறவில்லை. லபுக்கலையில் நிறுத்தித் தேத்தண்ணியும் சொக்கலேட் கேக்கும் சாப்பிட்ட பிறகு குளிர் ஜன்னலுக்குள்ளால் வரத் தொடங்கிவிட்டது.

தங்கியது நகரத்துக்குள் இல்லை, கந்தப்பளைப் பக்கம். ஹெதர்செட் தோட்டத்துப் பழைய தேயிலை ஸ்டோரை, அதுதான் தொழிற்சாலையை, இடிக்காமல் அப்படியே ஹோட்டலாக்கி 1996 முதல் நடத்துகிறார்கள். 2,000 மீட்டருக்கும் மேலே, சுற்றிவர தேயிலை. கொழுந்தை வாட்டிய மேல்மாடிகள்தான் இப்போது அறைகள். கீழே பழைய இயந்திரச் சக்கரங்களையும் பட்டிகளையும் எடுக்காமல் வைத்திருக்கிறார்கள். சின்னவன் அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்தான். எனக்கு உன் அப்பாவின் ஞாபகம். வாட்டும் மாடியில் இரவு வேலை முடித்து, உடம்பெல்லாம் பச்சை வாசனையோடு விடியலில் வீட்டுக்கு வருவார் என்று விடுதி அறையில் எத்தனை தரம் சொல்லியிருப்பாய். அப்படியொரு மாடியில் மெத்தையில் படுத்திருக்கிறேன் என்ற நினைப்பில் முதல் இரவு எனக்குச் சரியாக நித்திரை வரவில்லை.

ஹோட்டல் நத்தாரைக் குறை சொல்ல மாட்டேன். வரவேற்பறையில் கூரையைத் தொடுகிற சைப்பிரஸ் மரம், விறகு அடுப்பு, ஆங்கிலக் கரோல், நத்தார் தாத்தா எல்லாம் இருந்தன. கேக் அருமை. ரவையும் கஜுவும் சீனிப் பாகில் ஊறிய பூசணித் தோசியும் இஞ்சித் தோசியும் போட்டு, ரோஸ் எசன்ஸ் மணக்க, சின்னத் துண்டுகளாகக் கடதாசியில் சுற்றித் தருகிற நம்முடைய அதே கேக்தான். இங்கிலாந்தை நினைத்துக் கட்டின ஊரில் இங்கிலாந்துக்காரனுக்குத் தெரியாத கேக். என் மனைவி செய்முறையைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்துவிட்டா.

இதையெல்லாம் விட உனக்குச் சொல்ல வேண்டியது வேறொன்று. எங்கள் அறையைக் கவனித்த தம்பி பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. நாங்கள் தமிழில் கதைக்கிறதைக் கேட்டதும் நெருங்கிவிட்டான். "சேர், இன்னைக்குச் சாயங்காலம் எங்க கோயில்ல பூசை, வாறீங்களா" என்று கேட்டான். சுவாமிக்கு அன்றிரவு இன்னும் இரண்டு தோட்டங்களில் பூசையாம், அதனால் அங்கே ஏழு மணிக்கே. போனோம். தொழிலாளர் குடும்பங்கள் குடியிருக்கிற வரிசை அறைகளான லயங்களுக்கு மேலே, மேட்டில் சின்னக் கத்தோலிக்கக் கோவில். நிலத்தில் பாய் விரித்திருந்தார்கள். கம்பளிச் சால்வையும் குல்லாவுமாகப் பாட்டிமார் முன்னால், பிள்ளைகள் பக்கத்தில், இளந்தாரிகள் வாசலில். கீபோர்ட்டும் தபேலாவும் வைத்துப் பாடினார்கள். அந்தப் பாட்டில் இருந்த பலம் ஹோட்டல் கரோலில் இல்லை.

பாலன் குடிலைப் பார்த்து நான் அப்படியே நின்றுவிட்டேன், மச்சான். மாட்டுத் தொழுவம் கட்டவில்லை. லயக் காம்பரா ஒன்றைக் கட்டியிருந்தார்கள். அட்டைப் பெட்டியில் சுவர், அதற்கு வெள்ளை பூசி அடியில் கறுப்புப் பட்டை. பால்மா டின்னை வெட்டி விரித்து நெளித்த தகரக் கூரை, பறக்காமல் இருக்க மேலே பொடிக்கல். முன்னால் இஸ்தோப்பு என்கிற திண்ணை, அதில் மாதாவும் சூசையப்பரும். பின்னால் ஓடைப் பாசி ஒட்டிய மலை, சைப்பிரஸ் இலையை நறுக்கி வரிசையாக நட்ட தேயிலை. இடையர்களுக்குப் பக்கத்தில் களிமண்ணில் செய்த கொழுந்துப் பெண்கள் மூன்று பேர். முதுகில் தீப்பெட்டிக் கூடை, கூடையின் கயிறு தலையில் மாட்டியபடி, நூலில். செய்தது பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். என் மகள் அந்த நூலை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, உண்மையிலேயே தலையில்தானா கட்டுவார்கள் என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி குனிந்து தன் உச்சியைக் காட்டினார். கயிறு பட்டுப் பட்டு முடி தேய்ந்த தடம் அங்கே இருந்தது.

பூசை முடிய இஸ்தோப்பில் உட்கார்த்தித் தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் தேத்தண்ணியும் தந்தார்கள். தலவாக்கலைப் பக்கத்துச் சிநேகிதன் ஒருவன் எனக்கு இருக்கிறான் என்றேன், உன்னைத்தான். "எந்தத் தோட்டம்?" என்றார் அதே பாட்டி. சொன்னேன். "அங்கதான் எங்க சின்னம்மா வாக்கப்பட்டுப் போனது" என்று சிரித்தார். அதோடு நாங்கள் சொந்தமாகிவிட்டோம். அவர்கள் காய்ச்சுவது தூள்தான், நல்ல இலையெல்லாம் கப்பலேறிவிடுகிறது. ஆனாலும் அந்தக் குளிருக்கு அது உயிர் தந்தது.

உன் பிள்ளைகள் இதைப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் டிசம்பர் என்கிறேன். நுவரெலியாவின் கதையைச் சுற்றுலாப் பலகைகளில் வாசித்தால் எட்வர்ட் பார்ன்ஸ் தேசாதிபதி மாளிகை கட்டினார், சாமுவேல் பேக்கர் 1840களில் வந்து பண்ணை போட்டார், 1852இல் திரித்துவத் தேவாலயம், 1873இல் கிரகரி வாவி, இப்படித்தான் போகும். எல்லாம் உண்மைதான். ஆனால் காடு வெட்டியவர்கள், பாதை போட்டவர்கள், கோப்பி நோயில் அழிந்த பிறகு அந்தச் சரிவுகளில் தேயிலை நட்டவர்கள் பெயர் எங்கே? தென்னிந்தியாவிலிருந்து வந்து மன்னாரில் இறங்கி மாத்தளை வரை நடந்தே வந்து, வழியில் காய்ச்சலிலும் பசியிலும் எத்தனை பேர் செத்தார்கள்? 1948இல் அவர்களின் பேரப் பிள்ளைகளுக்குக் குடியுரிமையே இல்லை என்றார்கள். நாள் சம்பளம் 1,000 ரூபாயைத் தொட 2021 வரை போராட வேண்டியிருந்தது. உன் மகள் அங்கே ‘சிலோன் டீ’ டின்னைக் கடையில் எடுக்கும்போது, தன் அப்பப்பா வாட்டிய கொழுந்து அது என்று அவளுக்குத் தெரிய வேண்டும். சொல்லித் தெரிவதை விட அந்த இஸ்தோப்பில் ஒரு முறை உட்கார்ந்தால் போதும்.

சின்னவர்களுக்குச் சலிக்காது, பயப்படாதே. விக்டோரியா பூங்காவுக்கு விடியப் போங்கள். இந்தியாவிலிருந்து குளிர்காலத்துக்கு வருகிற ஆறுமணிக் குருவி அங்கே புதருக்கடியில் தத்தித் தத்தி இலை கிளறும். காஷ்மீர் ஈப்பிடிப்பானைத் தேடி வெளிநாட்டுக்காரர் பெரிய கமராக்களோடு காத்திருப்பார்கள். ஒரு காலை ஹோர்ட்டன் சமவெளிக்கு, அதுவும் இருட்டோடு புறப்பட்டால்தான். ஒன்பது, பத்து மணிக்கு மேலே ‘உலக முடிவு’ என்கிற மலை விளிம்பில் மூட்டத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஹக்கலைப் பூங்காவும் சீதையம்மன் கோவிலும் ஒரே பாதையில். தலவாக்கலைக்கு ஒரு முழு நாள் ஒதுக்கு. செயின்ட் கிளேயர், டெவன் அருவிகளும் அந்தப் பக்கம்தான்.

சரி, செய்ய வேண்டியவை. அறைகளை ஆகஸ்டுக்குள் பிடித்தால்தான் கிடைக்கும், விலையும் ஏறாது. அம்மாவையும் கூட்டி வா, படி ஏறாத அறையாக, ஹீட்டர் உள்ளதாக நான் கேட்டு வைக்கிறேன். 22ஆம் தேதிக்கு முன்னால் கொழும்பில் இறங்குகிற மாதிரி டிக்கெட் போடு, ஒரு நாள் எங்கள் வீட்டில் இளைப்பாறிவிட்டு ஏறலாம்.

இன்னொன்று. உங்கள் லயத்துக் காம்பரா எந்தப் பிரிவில், எந்த வரிசையில் என்று அம்மாவிடம் கேட்டு எழுது. மாசியில் எனக்கு ஹட்டனில் ஒரு வேலை இருக்கிறது. போகும்போது இறங்கி, இப்போது அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று விசாரித்து, நீங்கள் வருவதைச் சொல்லி வைக்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்