நான்கு தௌ

டேட்டன், ஒஹாயோ
நவம்பர் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கே நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். போன ஞாயிறு போனில், "துப்பாக்கி வாங்கியிருக்கியாமே?" என்று கேட்டீர்கள். நான் சொன்ன பதில் உங்கள் காதில் விழவில்லை. முப்பது வருஷம் லேத் சத்தத்தில் நின்ற காது. பின்னால் அம்மா அழுதது மட்டும் எனக்கு நன்றாகக் கேட்டது. போனில் இதைக் கத்திப் பேச முடியாது என்றுதான் எழுதுகிறேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் அம்மாவுக்கு. யாரும் என்னை மிரட்டவில்லை, பயந்துபோய் நான் இதை வாங்கவும் இல்லை. எங்கள் தெரு அமைதியான தெரு. துப்பாக்கி இரும்புப் பெட்டியில் பூட்டி இருக்கிறது, தோட்டா வேறு அலமாரியில் வேறு பூட்டில் இருக்கிறது. சாவி இரண்டும் என்னிடம். பேரனின் கை அந்தப் பக்கமே போகாது.

கம்பெனியில் என்னோடு வேலை செய்யும் பெரியவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனே, டூல் ரூமில் நாற்பது வருஷம் இருந்தவர். முதல் குளிர்காலத்தில் பனியில் கார் மாட்டிக்கொண்டபோது மண்வெட்டியோடு வந்து நின்றவர் அவர்தான். சனிக்கிழமைகளில் ஊருக்கு வெளியே ஒரு கிளப்பில் காகித இலக்கை வைத்துச் சுடுவார். 25 கெஜம் தூரம், ஒரு கையை நீட்டி, மூச்சை அடக்கி. என்னையும் கூப்பிட்டார். எச்1பி வேலை விசாவில் இருந்தவரை சட்டம் பொதுவாக இதற்கு இடம் தராது, அதனால் வேடிக்கை மட்டும் பார்த்தேன். கிரீன் கார்டு வந்த பிறகுதான் வாங்கினேன். கடையில் ஒரு படிவம் நிரப்பினேன், எஃப்.பி.ஐ. பட்டியலில் என் பெயரைச் சரிபார்த்தார்கள், அன்றைக்கே கையில் கொடுத்துவிட்டார்கள். தாத்தாவின் நாட்டுத் துப்பாக்கி லைசென்ஸுக்கு நீங்கள் கிருஷ்ணகிரிக்கும் ராயக்கோட்டைக்கும் நடையாய் நடந்தது ஞாபகம் வந்தது. தேர்தல் வந்தால் தாத்தா அதைத் துணியில் சுற்றி ஸ்டேஷனில் ஒப்படைத்து, ரசீதைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு வருவாரே.

தாத்தா அதில் வெடிமருந்து இடிப்பதை நான் பரண்மேல் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். குழாய் வழியாக மருந்து, மேலே தேங்காய் நார், கம்பியால் இடி, அப்புறம் ரவை, மறுபடி நார், கடைசியில் பொறி வைக்கும் கேப்பு. ஊடேதுர்க்கம் காட்டிலிருந்து கேழ்வரகுக்கு இறங்கும் பன்றிகளை விரட்ட ஒரு சத்தம் போதும் அவருக்கு. அந்தத் துப்பாக்கியில் அளவு பெரிய விஷயமே இல்லை. நார் கொஞ்சம் கூடினால் இன்னும் ரெண்டு இடி, அவ்வளவுதான். இங்கே நான் வைத்திருப்பது அப்படி இல்லை அப்பா. இதில் எல்லாமே நீங்கள் பட்டறையில் செய்த அளவு வேலைதான். அதனால்தான் உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று இருக்கிறது.

இது 9 மி.மீ. பிஸ்டல். தோட்டா 1902 வாக்கில் ஜெர்மனியில் லூகர் என்பவர் வடிவமைத்தது. ஒரு தடவை சுட்டால் அந்த உதைப்பில் மேலே இருக்கும் ஸ்லைடு பின்னால் போகும், மருந்து எரிந்து தீர்ந்த காலிப் பித்தளைக் கூட்டை வெளியே எறியும். ஸ்பிரிங் தள்ள முன்னால் வரும்போது கைப்பிடிக்குள் தோட்டாக்களை அடுக்கி வைத்திருக்கும் மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு போய் பேரலின் அறைக்குள் வைக்கும். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். தோட்டா கொஞ்சம் பருத்தாலும் கொஞ்சம் நீண்டாலும் ஸ்லைடு பாதியில் நின்றுவிடும்.

கடைத் தோட்டா விலை அதிகம். அதனால் பெரியவரைப் போல இலக்குக்குச் சுடுகிறவர்கள் பலர் காலிக் கூட்டைப் பொறுக்கி வந்து வீட்டிலேயே திரும்ப நிரப்புகிறார்கள். சொந்த உபயோகத்துக்கு என்றால் இங்கே மத்திய சட்டத்தில் அதற்கு லைசென்ஸ் வேண்டாம், விற்றால்தான் வேண்டும். (நம் நாட்டில் 1959 ஆயுதச் சட்டப்படி தோட்டா செய்வதற்கே லைசென்ஸ் வேண்டும், 9 மி.மீ. பொதுமக்களுக்குக் கிடையாது. பக்கத்து வீட்டுப் பையன்களிடம் இதைச் சொல்லும்போது அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.) பித்தளைக் கூட்டை மக்காச்சோளச் சக்கைத் தூளில் போட்டுக் குலுக்கினால் தங்கம் மாதிரி பளபளக்கும். அப்புறம் கையால் அழுத்தும் பிரஸ்ஸில், டை என்கிற அச்சுகளில் ஒவ்வொன்றாக ஏற வேண்டும். முதல் டை, தாத்தாவின் கேப்பு மாதிரி பொறி வைக்கும் பழைய பிரைமரைத் தள்ளிவிட்டு, உப்பிய கூட்டை இறுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவரும். புது பிரைமர் ஏற்றியதும், இலக்குக்குப் பறந்து போகும் குண்டு சுலபமாக உட்காருவதற்காக அடுத்த டை கூட்டின் வாயை மணி போலக் கொஞ்சம் விரிக்கும். மருந்தைத் தராசில் நிறுத்துப் போட்டு, குண்டை உட்கார வைத்து, கடைசி டையில் அந்த விரிந்த வாயை மூட வேண்டும்.

செப்டம்பரில் முதல் நூறு தோட்டா நிரப்பினேன். கண்ணுக்குக் கடைத் தோட்டாவுக்கும் இதுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. கிளப்பில் நாலாவது தோட்டாவிலேயே ஸ்லைடு முழுசாக மூடாமல் ஒரு விரல்நகம் அளவு பின்னாலேயே நின்றுவிட்டது. விசையை இழுத்தால் வெடிக்காது, அது பாதுகாப்பு. நான் உள்ளங்கையால் ஸ்லைடின் பின்பக்கத்தைத் தட்டி மூடப் பார்த்தேன். பெரியவர் என்னிடம் குரல் உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். "கையை எடு!" என்றார். துப்பாக்கியை இலக்குப் பக்கமே காட்டச் சொல்லி, அவரே வந்து மெதுவாகத் தோட்டாவை வெளியே எடுத்தார். "போகாத ஒன்றை அடித்து ஏற்றினால், ஏன் போகவில்லை என்று உனக்குக் கடைசிவரை தெரியாது" என்றார். அப்பா, நீங்கள் ஓசூர் சிப்காட் பட்டறையில் ஒரு பையன் துளைக்குள் இறங்க வேண்டிய புஷ் வளையத்தைச் சுத்தியால் அடித்து இறக்கியபோது அவன் கையிலிருந்து சுத்தியைப் பிடுங்கி இதையேதான் சொன்னீர்கள். நான் பத்தாவது லீவில் டீ வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றிருந்தேன்.

அன்றைக்கு நூறில் பதினேழு சிக்கியது. கடையில் வாங்கிய தோட்டா ஐம்பதும் ஒன்றுகூடச் சிக்காமல் ஓடியது. அப்படியானால் துப்பாக்கியைக் குற்றம் சொல்ல முடியாது, என் வேலையில்தான் எங்கேயோ கோளாறு. வீட்டுக்கு வந்து எல்லா டையையும் கழற்றித் திருகப் போனேன். அப்புறம் உங்கள் ஞாபகம் வந்து கையைக் கட்டிக்கொண்டேன். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், மாற்றுவதற்கு முன் அளக்க வேண்டும்.

பெரியவர் ஒரு சோதனை காட்டினார். துப்பாக்கியைக் காலி செய்து பேரலை மட்டும் தனியே கழற்றி, வாய் கீழே பார்க்கப் பிடித்து, தோட்டாவை அறைக்குள் போடுவது. அளவான துளைக்குள் போட்டுப் பார்க்கும் உங்கள் ரிங் கேஜ்தான், வேறொன்றும் இல்லை. நல்ல தோட்டா 'டங்' என்று விழும், விரலால் சுற்றினால் சுற்றும், பேரலைக் கவிழ்த்தால் தானாக வெளியே வரும். என்னுடையதில் பாதிக்குச் சத்தமே வரவில்லை, 'தொப்' என்று உட்கார்ந்தது. அந்தத் தோட்டாவின் மேல் முழுக்க மார்க்கர் பேனாவால் கறுப்பு பூசி மறுபடி போட்டு எடுத்தேன். நீங்கள் பிளேட்டில் நீலம் தடவி, மேடு தெரிகிற இடத்தைச் சுரண்டி ஸ்கிரேப் செய்வீர்களே, அதேதான். எங்கே கறுப்பு அழிந்திருக்கிறதோ அங்கே இடிக்கிறது.

கூட்டின் வாய் ஓரத்தில் சுற்றிலும் பளிச்சென்று இருந்தது. இங்கே எல்லாம் அங்குலமும் தௌவும்தான் (அம்மாவுக்குச் சொல்லுங்கள், தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அந்தப் பழைய இங்கிலீஷ் லேத்தில் நீங்கள் கற்றுத் தந்த தௌ கணக்கு இவ்வளவு காலம் கழித்து உதவுகிறது. மைக்ரோமீட்டரில் வாயை அளந்தால் 384 தௌ. இருக்க வேண்டியது அதிகபட்சம் 380. கணக்கைப் பாருங்கள்: குண்டின் குறுக்களவு 356, பித்தளைச் சுவர் இரண்டு பக்கமும் சேர்த்து 22 வாக்கில், ஆக 378 வர வேண்டும். மணி போல விரித்த வாயை நான் முழுசாக மூடவே இல்லை. நாலு தௌ. கிட்டத்தட்ட ஒரு தலைமுடியின் கனம்தான், அது ஸ்லைடை நிறுத்திவிட்டது.

அப்படியானால் இறுக்கு என்று நன்றாக இறுக்கிவிடவும் கூடாது. இந்த 9 மி.மீ. கூடு அறைக்குள் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதை அதன் வாய்தான் நிறுத்துகிறது. உள்ளே ஒரு படி இருக்கிறது, வாய் அதில் முட்டி நிற்க வேண்டும். அதிகமாக வளைத்தால் முட்ட இடம் இருக்காது. குண்டும் நசுங்கும், பித்தளை திரும்பி விரிய, குண்டு உள்ளே தளர்ந்து ஆடும். தளர்ந்த குண்டு ஏறும்போது கூட்டுக்குள் தள்ளப்பட்டால் மருந்துக்கு இடம் குறைந்து அழுத்தம் ஏறும். அது ஆபத்து. குண்டைப் பிடித்திருப்பது முதல் டை கொடுத்த இறுக்கம், உங்கள் பிரஸ் ஃபிட். கடைசி டையின் வேலை வாயை மூடுவது மட்டும். டையைக் கால் சுற்றுக்கும் குறைவாக இறக்கி, அளந்து, மறுபடி கொஞ்சம் இறக்கி, 378-க்கும் 379-க்கும் நடுவே நிறுத்தினேன். ராத்திரி ஒரு மணி ஆகிவிட்டது. சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

ஆனாலும் பத்தில் இரண்டு சுற்ற மறுத்தது. மறுபடி கறுப்பு. இந்தத் தடவை வாயில் ஒன்றும் இல்லை, குண்டின் தோள்பட்டையில் ஆறு சின்னக் கீறல். பேரலுக்குள் திருகலாகப் போகும் வரிகள் தொடங்குகிற இடத்தில் குண்டு முன்கூட்டியே முட்டுகிறது. என் குண்டு மூக்கு தட்டையான வகை, உருண்டை மூக்கைவிட அதன் தோள் அகலம். மொத்த நீளம் 1.169 அங்குலம் வரை போகலாம் என்று அளவு இருந்தாலும், அது எல்லாக் குண்டுக்கும் எல்லாப் பேரலுக்கும் பொருந்தாது. நான் வைத்த நீளம் என் பேரலுக்கு அதிகம். குண்டை இன்னும் உள்ளே இறக்க வேண்டும். இறக்கினால் மருந்துக்கு இடம் குறையும். ஆகவே பழைய மருந்து அளவை அப்படியே வைக்காமல், மருந்து அளவுகள் போட்ட புத்தகத்தில் அந்தக் குண்டுக்குச் சொன்ன தொடக்க அளவுக்கு இறங்கி, அங்கிருந்து ஏறினேன். இதில் மட்டும் யார் சொன்னாலும் நான் புத்தகத்தை மீற மாட்டேன் அப்பா. அம்மாவிடம் இந்த வரியை இரண்டு தடவை வாசியுங்கள்.

அக்டோபர் கடைசியில் போனோம். நூறில் மூன்று சிக்கியது! மனசு உடைந்துவிட்டது. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் என் இரண்டு மேகசின்களின் அடியிலும் வெள்ளைப் பெயிண்டால் 1, 2 என்று எழுதினார். அடுத்த வாரம் பார்த்தால் சிக்கியதெல்லாம் 2-ல். தோட்டாவைப் பிடிக்கும் உதடு ஒரு பக்கம் விரிந்திருந்தது, எப்போதோ கீழே போட்டிருக்கிறேன். அதை எறிந்துவிட்டேன். நேற்று 150 தோட்டா சுட்டேன், ஒன்றுகூட நிற்கவில்லை. என் இலக்குத் தாளை இதோடு மடித்து வைத்திருக்கிறேன். இடது பக்கம் கூடியிருக்கும் ஓட்டைகள் என் விரல் இழுப்பு, அது இன்னும் சரியாகவில்லை.

கடைசியாக ஒரு உதவி. இரும்புப் பீரோவின் மேல்தட்டில் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி ஒரு அங்குல மைக்ரோமீட்டர் வைத்திருப்பீர்களே, சிவப்பு மரப்பெட்டியில், நீங்கள் ரிட்டையர் ஆனபோது வீட்டுக்குக் கொண்டுவந்தது. இங்கே நான் வாங்கியது டிஜிட்டல், பேட்டரி தீர்ந்தால் செத்துவிடுகிறது, திருகும்போது கைக்கு ஒன்றும் தெரிவதில்லை. சித்தப்பா மகன் ஏப்ரலில் வருகிறான். அவனிடம் கொடுத்தனுப்புங்கள். கைப்பெட்டியில் வேண்டாம், செக்-இன் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு இப்போது அது தேவைப்படும் என்றால் அனுப்ப வேண்டாம், நான் வரும்போது எடுத்துக்கொள்கிறேன்.

தக்காளி இந்த வருஷமாவது விலை போகிறதா? போன தடவை மாதிரி ரோட்டோரம் கொட்டும் நிலை வந்துவிடக் கூடாது. யானை இறங்கும் மாதம் இது, ராத்திரி தோட்டத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். காது டாக்டரிடம் போக அம்மா சொன்ன தேதியைத் தள்ளிப்போடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்