ரஞ்சித் சிங்குக்கு முந்தைய 80 ஆண்டுகளைத் தாண்டிக் குதிக்காதீர்கள்

தமிழில் வரலாற்று வீடியோ போடும் நண்பர்களுக்கு,

வணக்கம். சீக்கியர் வரலாறு என்றால் நீங்கள் சொல்வது அநேகமாக ஒரே கதைதான். 1699-இல் குரு கோவிந்த் சிங் கால்சா என்ற சீக்கியச் சமூக அமைப்பை அமைத்தார். அப்புறம் நேராக 1799, பின்னாளில் பஞ்சாபின் மகாராஜாவான ரஞ்சித் சிங் லாகூரைப் பிடித்தார். கோஹினூர் வைரம், முடிந்தது. நடுவில் உள்ள காலத்துக்கு ஒரு வரி: முகலாயரும் ஆப்கானியரும் மராத்தியரும் அடித்துக்கொண்டதில் சீக்கியர்கள் தலையெடுத்தார்கள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்கிற மாதிரி.

இந்தக் கணக்கு உதைக்கிறது. பஞ்சாபில் அதிகாரம் ஆட்டம் கண்டது உண்மை. 1739-இல் பாரசீக மன்னர் நாதிர் ஷா டெல்லியைச் சூறையாடினார். 1748 முதல் ஆப்கானிய மன்னர் அகமது ஷா அப்தாலி திரும்பத் திரும்பப் படையெடுத்தார். 1758-இல் லாகூர் வரை வந்த மராத்தியர் 1761-இல் பானிபட்டில் நொறுங்கினார்கள். ஆனால் அந்த இடத்துக்கு ஆசைப்பட்டவர்கள் வேறு பலரும் இருந்தார்களே! முகலாய அதிகாரியாக இருந்த அதீனா பேக் எல்லாத் தரப்போடும் பேரம் பேசி 1758-இல் பஞ்சாபின் பொறுப்பைப் பெற்றார். அதே ஆண்டு இறந்தார். அவரோடு அவருடைய அதிகாரமும் போயிற்று.

சீக்கியர்களிடம் அப்படி நம்பியிருக்க ஒரு தனி ஆள் இல்லை. 1716-இல் சீக்கியர் தலைவர் பந்தா சிங் பகதூரை முகலாயர் டெல்லியில் கொன்ற பிறகு அரசர் என்று எவருமே கிடையாது. வைசாகி என்ற சித்திரைத் திருநாளுக்கும் தீபாவளிக்கும் அமிர்தசரஸில் கூடுவார்கள். அந்தக் கூட்டம் சர்பத் கால்சா, அதில் எடுக்கும் முடிவு குர்மத்தா. 1748 வைசாகியில், சிதறிக் கிடந்த குதிரைப்படைகளை தல் கால்சா என்று ஒன்றாக்கி ஜஸ்ஸா சிங் அலுவாலியாவிடம் ஒப்படைத்தார்கள். அதில் இருந்த அணிகள்தான் மிசல்கள்.

நீங்கள் தொடவே தொடாத விஷயம் ராக்கி; கையில் கட்டும் கயிறு அல்ல, பாதுகாப்புக்கான வரி. ஓர் ஊர் தன் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கை, அறுவடைக்கு ஒரு தவணையாக ஆண்டுக்கு இருமுறை கொடுத்தால், அந்த ஊரைக் கொள்ளையிலிருந்து மிசல் காக்கும். மிரட்டிப் பறித்தது என்று ஒருவர் சொல்லலாம். அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கும். ஆனால் படைகள் போகிற வழியெல்லாம் விளைந்ததை வாரிக்கொண்டு போன காலத்தில், ஒரு பங்கைக் கொடுத்து மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்வது உழவனுக்குக் கட்டுப்படியாகிற பேரம். பேரரசுகளின் சண்டையை விட இதுதான் மிசல்களுக்கு ஊர் ஊராக வேர் கொடுத்தது என்பேன்.

1762-ஐப் பாருங்கள். பிப்ரவரியில் மலேர்கோட்லா அருகே, பெண்களும் குழந்தைகளுமாகப் போய்க்கொண்டிருந்த சீக்கியர் கூட்டத்தை அப்தாலியின் படை வளைத்து ஆயிரக்கணக்கில் வெட்டிக் கொன்றது. அடுத்து அமிர்தசரஸின் ஹர்மந்திர் சாகிப்பை (பொற்கோயில்) வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். ராஜாவை நம்பிய படை என்றால் கதை அங்கேயே முடிந்திருக்கும். இவர்களோ 1764 ஜனவரியில் சிர்ஹிந்த் நகரைப் பிடித்தார்கள்; 1765-இல் லாகூரை மூன்று சர்தார்கள், அதாவது மிசல் தலைவர்கள், பங்கிட்டுக்கொண்டார்கள். அங்கே அடித்த நாணயத்தில் அவர்களில் எவர் பெயரும் இல்லை, குருக்களின் பெயர்தான்.

எதிரி வாய்ச்சொல்லும் இருக்கிறது. அப்போது அப்தாலியுடன் வந்த காஜி நூர் முகமது தான் எழுதிய பாட்டில் சீக்கியர்களை நாய்கள் என்று திட்டுகிறார். திட்டிக்கொண்டே, இவர்கள் புறமுதுகிட்டவனைக் கொல்வதில்லை, பெண்களின் நகையைப் பறிப்பதில்லை என்றும் எழுதுகிறார். ஒரு வீடியோவுக்கு இதைவிட என்ன வேண்டும்?

புகழ்மாலை மட்டும் பாடச் சொல்லவில்லை. அப்தாலியின் பயம் விலகியதும் மிசல்கள் தங்களுக்குள் வெட்டிக்கொண்டன. கன்னையா மிசலின் தலைவி சதா கவுர், தன் மருமகன் ரஞ்சித் சிங்குக்கு லாகூரைப் பிடிக்கத் துணை நின்றார். பின்னாளில் அதே மருமகன் அவரையே சிறை வைத்தார். 1805-க்குப் பிறகு சர்பத் கால்சாவையும் ரஞ்சித் சிங் கூட்டவில்லை.

அடுத்த வீடியோவை 1716-இலிருந்து தொடங்குங்கள். சதா கவுருக்கு ஒரு தனிப் பகுதி கொடுங்கள். தம்ப்நெயிலில் வேண்டுமானால் ரஞ்சித் சிங்கே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்களில் ஒருவர்