பிள்ளைக்கு எழுதிக்கொடுத்த கொலஸ்ரோல் குளிசையைப் பயத்தில் நிறுத்தாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

தங்கள் பத்திரிகையின் மருத்துவப் பகுதியில் பிள்ளைகளின் கொலஸ்ரோல் பற்றி அண்மையில் வெளிவந்த கட்டுரை, கடைத் தீனையும் ஓடியாடி விளையாடாத வாழ்க்கையையும் காரணமாகக் காட்டியிருந்தது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது பொருந்தும். ஆனால் பரம்பரையாகவே கொலஸ்ரோல் கூடும் குறைபாட்டோடு பிறக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதும், அவர்களுக்குப் பத்தியம் மட்டும் போதாது என்பதும் அதில் சொல்லப்படவில்லை. நீண்டகாலம் மருந்தாளராக வேலை செய்தவன் என்ற முறையில் அதைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

இரத்தத்திலுள்ள கெட்ட கொலஸ்ரோலை, அதாவது எல்.டி.எல்லை, ஈரல் தன்னிடமுள்ள ஏற்பிகளால் பிடித்து அகற்றுகிறது. தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ பழுதுபட்ட மரபணு ஒன்று வந்துவிட்டால் இந்த வேலை குன்றிவிடும். பிள்ளை மெலிந்திருந்தாலும், பொரியலே தொடாவிட்டாலும், எல்.டி.எல். பிறந்ததிலிருந்தே உயர்ந்துதான் இருக்கும். உலகளவில் ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இது உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு இருக்கிறது. இருவரிடமிருந்தும் பழுது வந்து சேர்வது மிக அரிது என்றாலும், அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பதின்ம வயதிலேயே மாரடைப்பு வரக்கூடும் என்பதால், மச்சான் மச்சாள் முறையில் கலியாணம் செய்யும் எங்கள் குடும்பங்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

ஒரு தாய் கிளினிக் கொப்பியை மேசையில் விரித்து, இரும்புச்சத்துப் பாணியும் விற்றமினும் மட்டும் போதும் என்று சொல்லி, மூன்றாவது வரியைப் பெருவிரலால் மறைத்துக்கொண்டு நின்றது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்த வரியில் இருந்தது கொலஸ்ரோலைக் குறைக்கும் ஸ்ரற்றின் குளிசை. “பத்து வயசுப் பிள்ளைக்கு ஏன் ஐயா கிழவர் போடுற குளிசை? தொடங்கினா நிப்பாட்டேலாதாம்” என்றார். பிள்ளையின் தகப்பன் நாற்பது வயதுக்கு முன்னரே மாரடைப்பு வந்து தப்பியவர் என்பது அதே பக்கத்தில் எழுதப்பட்டிருந்தது. அந்தத் தாயின் பயத்தை நான் குறைகூற மாட்டேன். அதற்கு ஆறுதலாகப் பதில் சொல்ல ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை என்பதே என் கவலை.

பதில் இருக்கிறது. நெதர்லாந்தில் இக்குறைபாடுள்ள, 8 முதல் 18 வயது வரையான 214 பிள்ளைகளுக்குப் பிரவஸ்ரற்றின் என்ற ஸ்ரற்றின் வகை மருந்தின் ஆய்வொன்றின் மூலம் சிகிச்சை தொடங்கப்பட்டு, இருபது ஆண்டுகளின் பின் அவர்களின் நிலை ஆராயப்பட்டு, முடிவு 2019 இல் வெளியானது. 39 வயதை எட்டுவதற்குள் இருதய, இரத்தக்குழாய் நோய்க்கு ஆளானவர்கள் அவர்களில் நூற்றுக்கு ஒருவர். அதே வயதுக்குள், அதே குறைபாடுள்ள அவர்களின் பெற்றோரில் நூற்றுக்கு 26 பேர். அந்தப் பெற்றோரின் இளமையில் இந்த மருந்து இருக்கவில்லை. முதலாவது ஸ்ரற்றின் அமெரிக்காவில் பாவனைக்கு அனுமதிக்கப்பட்டதே 1987 இல்தான். பிள்ளை வளராது, பெரியபிள்ளையாகத் தாமதிக்கும் என்று எங்கள் ஊரில் சொல்லப்படுவதற்கு, பிள்ளைகளில் செய்யப்பட்ட ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. நெடுங்காலம் போட வேண்டிய மருந்து என்பது உண்மைதான். குறைபாடும் வாழ்நாள் முழுவதும் இருப்பதல்லவா?

கொலஸ்ரோல் சற்றுக் கூடிய எல்லாப் பிள்ளைகளுக்கும் இது தேவை என்று நான் சொல்லவில்லை. திரும்பத் திரும்பச் சோதித்தும், பத்தியம் இருந்தும், எல்.டி.எல். (ஒரு டெசிலீற்றருக்கு மில்லிகிராம் கணக்கில்) 190 இற்கு மேலே, அல்லது குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்து 160 இற்கு மேலே நிற்கும்போதே பொதுவாக வைத்திய நிபுணர்கள் 8 அல்லது 10 வயதளவில், மிகக் குறைந்த அளவில் தொடங்குகிறார்கள். ஈரல் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. காரணமில்லாத தசைநோவோ, கடுநிறச் சிறுநீரோ கண்டால் உடனே காட்ட வேண்டும். வேறு வைத்தியர் கிளாரித்ரோமைசின் போன்ற கிருமிகொல்லி மருந்து எழுதும்போது இந்தக் குளிசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெண்பிள்ளைகள் வளர்ந்து திருமணமானதும், கர்ப்பம் தரிக்க எண்ணும் முன்னரே வைத்தியருடன் கதைக்க வேண்டும். வீட்டிலுள்ள பெரியவரின் குளிசையைப் பாதியாக உடைத்துப் பிள்ளைக்குக் கொடுப்பதை ஒருபோதும் செய்யக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. 55 வயதுக்கு முன் ஓர் ஆணோ, 60 வயதுக்கு முன் ஒரு பெண்ணோ மாரடைப்புக்காக விடுதியில் சேர்க்கப்பட்டு வீடு திரும்பும்போது, “உங்கட பிள்ளைகளுக்கும் சகோதரங்களுக்கும் இரத்தம் சோதிச்சனீங்களோ?” என்ற ஒரு கேள்வியை வைத்தியர் கேட்டு, அதை வீட்டுக்குக் கொடுத்துவிடும் துண்டிலும் எழுதிவிட்டால், ஒருவரின் நோயிலிருந்து குடும்பத்தில் பலரைக் காப்பாற்றலாம். குதிக்காலுக்கு மேலுள்ள தசைநாண் தடித்திருப்பதும், நடுவயதுக்கு முன்பே கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம் தோன்றுவதும் இதற்கான அடையாளங்கள். செருப்பு உரஞ்சியதால் வந்த தடிப்பு என்று அதை விட்டுவிடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன்.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் குழந்தைநல வைத்திய நிபுணர் ஒருவரிடம், பெற்றோரின் கேள்விகளுக்குப் பதிலளிக்கும் கட்டுரையொன்றைப் பெற்று, தங்கள் மருத்துவப் பகுதியில் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மருந்தாளர்,
கொக்குவில்.