வாசலில் நின்ற இரும்புப் பெட்டி

பாஸ்டன் அருகிலிருந்து,
அக்டோபர் 12

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஓடிவிட்டது. தங்கைக்கு முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்து, கம்பு ஊன்றாமல் வாசல் வரை நடக்கிறாள் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. உடனே பதில் எழுதாததற்கு வாசலில் நின்ற ஓர் இரும்புப் பெட்டிதான் காரணம் என்றால் நீ சிரிப்பாய்.

தாத்தா காலத்து வீட்டை இடிக்கப்போகிறேன் என்று நீ எழுதியிருந்தாய் அல்லவா, அதே வாரம்தான் நானும் இங்கே பேஸ்மென்டை, அதாவது வீட்டுக்கு அடியில் இருக்கும் நிலவறையை, உடைக்கத் தொடங்கினேன். 1956இல் கட்டிய வீடு. மகன் குடும்பத்தோடு வந்தால் தங்குவதற்கு இரண்டு அறை தடுக்கலாம் என்று ஆசை. உனக்கு இடிபாட்டை அள்ள ஒரு டிராக்டர்காரர் போதும். எங்கே கொட்டினாய் என்று அவரை யாரும் கேட்கப்போவதில்லை. எனக்கோ ஒவ்வோர் ஓட்டுத் துண்டுக்கும் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டு வேலை என்றால் இங்கே டம்ப்ஸ்டர் வாடகைக்கு எடுப்பார்கள். லாரியின் முதுகிலிருந்து கம்பிவடத்தில் சரிந்து இறங்கும், மேல்மூடி இல்லாத இரும்புத் தொட்டி. டென்னசியின் நாக்ஸ்வில் நகரத்து டெம்ப்ஸ்டர் சகோதரர்கள் 1930களில் செய்த தொட்டிக்கு வைத்த பெயர், பிறகு அந்த மாதிரி எல்லாத் தொட்டிக்கும் பொதுப் பெயராகிவிட்டது. அந்தச் சகோதரர்களில் ஒருவர் அந்த நகரத்து மேயராகவும் இருந்தார். குப்பைத் தொட்டியில் பெயர் நிலைப்பது எல்லாருக்கும் வாய்க்காது! நான் எடுத்தது 15 கன கெஜம். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் நாலு யூனிட் மணல் கொள்ளும். ஒரு வார வாடகை, இரண்டு டன் எடை வரை அதிலேயே அடக்கம். மீறினால் டன்னுக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம். எங்கள் ஊரில் இதை வாசலில் நிறுத்தவே தீயணைப்புத் துறையிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். தீப்பிடித்தால் வீட்டுக்குத் தாவக்கூடாது பார்.

பெட்டியைப் பதிவு செய்யத் தொலைபேசியில் அழைத்தபோதே வம்பு தொடங்கிவிட்டது. எடுத்த பெண் முதலில் கேட்டது வீடு கட்டிய ஆண்டு. அடுத்த கேள்வி, "தரை ஓடு ஒன்பது அங்குலமா, பன்னிரண்டா?" எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு கீழே போய் அளந்தேன். ஒன்பது. ஓடுகள் கருப்புப் பசையில் ஒட்டியிருந்தன. "அப்படியானால் பரிசோதனை செய்யாமல் ஒன்றைக்கூடப் பெயர்க்காதீர்கள்" என்றாள். அந்தக் காலத்து ஒன்பது அங்குல ஓட்டில், மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்க வாய்ப்பு அதிகமாம். ஆய்வகத்துக்குத் துண்டு அனுப்பினேன், இருக்கிறது என்று பதில் வந்தது. உரிமம் பெற்றவர்கள்தான் எடுக்க வேண்டும் என்று முடிவாயிற்று. எடுப்பதற்குப் பத்து வேலை நாள் முன்பாக மாநிலச் சுற்றுச்சூழல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். இரண்டு வாரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு வெள்ளை உடையும் முகமூடியுமாக இருவர் வந்தார்கள். ஓட்டை நனைத்து நனைத்துப் பெயர்த்து, இரட்டைப் பையில் கட்டி, தங்கள் வண்டியிலேயே கொண்டுபோனார்கள். அது டம்ப்ஸ்டருக்குள் வரவே கூடாது. பேஸ்மென்டுக்கு ஒதுக்கியிருந்த பணத்தில் கால் பங்கு அந்தத் தரையோடு போயிற்று.

அதற்குப் பிறகுதான் பெட்டி வந்தது. கூடவே, எதையெல்லாம் போடக்கூடாது என்று பொடி எழுத்தில் ஒன்றரைப் பக்கத் தாள். பெயின்ட், பேட்டரி, டயர், குழல்விளக்கு, பழைய ஃபிரிட்ஜ் என்று போனது பட்டியல். ஃபிரிட்ஜ் என்றால் அதிலுள்ள வாயுவைச் சான்று பெற்ற ஆள் முதலில் உறிஞ்சி எடுக்க வேண்டும். படக்குழாய் வைத்த பழைய டிவி இந்த மாநிலத்தில் 2000 முதலே குப்பைக்குப் போக முடியாது. மெத்தைக்கு 2022 நவம்பர் முதல் தடை. உதிர்ந்த இலைகளுக்குக்கூடத் தடை உண்டு. வாசலில் நிற்கும் மேப்பிள் மரத்துக்கு இது தெரியுமா? அது தன் பாட்டுக்குப் பெட்டிக்குள் உதிர்த்துக்கொண்டிருந்தது. நான் தினமும் துடைப்பத்தோடு ஏறி இறங்கினேன்.

இங்கே உள்சுவருக்கு அடிக்கும் ஜிப்சம் போர்டு விஷயம்தான் எனக்குப் பிடித்திருந்தது. சுவரிலிருந்து பெயர்த்த, பெயின்ட் அடித்த பழைய போர்டைப் போடலாம். புதிய போர்டை வெட்டும்போது விழும் சுத்தமான துண்டுகளைப் போடக்கூடாது, மறுசுழற்சிக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். குப்பை மேட்டுக்குள் ஈரத்தில் கிடந்தால் ஜிப்சத்திலுள்ள கந்தகத்தைக் கிருமிகள் தின்று அழுகிய முட்டை நாற்றமடிக்கும் வாயுவைக் கிளப்புகின்றனவாம். இப்படி ஒரு காரணம் சொன்னால் மனது ஏற்றுக்கொள்கிறது. காரணம் சொல்லாத விதியைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை, உனக்குத் தெரியும்.

பேஸ்மென்ட் சுவரில், அறைச் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் ஒன்று வட்டமாக இருந்தது. அதைக் கழற்றி யோசிக்காமல் பெட்டிக்குள் எறிந்துவிட்டேன். எட்டிப் பார்த்தால் மூடி கழன்று கிடக்கிறது. உள்ளே சுண்டுவிரல் நுனி அளவு கண்ணாடிக் குப்பி, அதற்குள் ஒரு வெள்ளித் துளி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருள்கிறது. பாதரசம்! கீழே கிடந்த கண்ணாடியிழைப் பஞ்சு காப்பாற்றியது, குப்பி உடையவில்லை. இந்த வயதில் பெட்டிக்குள் இறங்கி அதை எடுத்தேன்.

அந்தத் துளியைப் பார்த்ததும் 2001 நினைவுக்கு வந்தது. மூஞ்சிக்கல்லில் பழைய சாமான் கடையில் உடைந்த வெப்பமானிக் கண்ணாடி மூட்டை மூட்டையாகக் கிடந்ததென்று கொடைக்கானலே கொந்தளித்ததே. நீ அப்போது வத்தலக்குண்டில் வேலையில் இருந்தாய். மலைக்கு பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து விடிய விடியப் பேசினாய். கொடைக்கானலில் இருந்த அந்த வெப்பமானி ஆலையே 1980களில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தது என்பதை நீ சொல்லித்தான் நான் அறிந்தேன். 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவைக் கட்டிக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினார்கள், பென்சில்வேனியாவில் பிரித்தெடுக்க. இங்கே என் கையில் ஒரு துளி. காலி ஜாம் பாட்டிலில் பஞ்சு வைத்து மூடி, கார் நிறுத்தும் கொட்டகையில் உயரத்தில் வைத்திருக்கிறேன். அபாயக் கழிவு வாங்கும் நாள் எங்கள் ஊரில் அடுத்த மாதம்தான்.

இனி ஓர் உண்மை. பேஸ்மென்டில் எண்ணெய் பெயின்ட் டின் ஆறு கிடந்தது, எனக்கு முன் இருந்தவர்கள் விட்டுப்போனது. தண்ணீரில் கரையும் பெயின்ட் என்றால் காயவைத்துச் சாதாரணக் குப்பையில் போட்டுவிடலாம். எண்ணெய் பெயின்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. நாலு டின்னை ஒழுங்காக ஓரமாக எடுத்து வைத்தேன். இரண்டை, சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு, பழைய போர்டுகளுக்கு அடியில் செருகிவிட்டேன். ஏன் இரண்டு மட்டும் என்று கேட்காதே.

மறுநாள் காலையில் பார்த்தால் பெட்டிக்குள் ஒரு பெரிய மெத்தை! இரவு மழையில் ஊறி, யானை படுத்ததுபோல் கிடக்கிறது. யாரோ நள்ளிரவில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறான். பெட்டிக்குள் என்ன இருந்தாலும் வாடகைக்கு எடுத்தவன்தான் பொறுப்பு. கழிவு நிலையத்தில் கண்டுபிடித்தால் அபராதம் என் தலையில். மகனை வரவழைத்து இருவரும் இழுத்தோம். தண்ணீர் குடித்த மெத்தை என்ன கனம் தெரியுமா? இழுக்க இழுக்க, போட்டவனின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டிருந்தேன். மெத்தையோடு இரண்டு போர்டும் சேர்ந்து வந்தன. அடியில் என் பெயின்ட் டின்கள்.

காபி கொண்டுவந்த என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "அவன் போட்டது மேலே கிடக்கிறது, நீங்கள் போட்டது அடியில் கிடக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். டின்களை எடுத்து மற்ற நாலோடு வைத்தேன். மெத்தையைக் காயவைத்துப் பணம் கட்டி மறுசுழற்சிக்கு அனுப்பினேன். அன்று முதல் இரவில் பெட்டிக்குத் தார்ப்பாய் போட்டுக் கட்டினேன். செவ்வாய்க்கிழமை லாரி வந்தது. ஓட்டுநர் ஏணியில் ஏறி நாலு மூலையும் பார்த்தார், விளிம்புக்கு மேல் நீட்டியிருந்த ஒரு கட்டையை எடுக்கச் சொன்னார், ஏற்றிக்கொண்டு போனார். எடை இரண்டு டன்னுக்குள் அடங்கிவிட்டது.

உன் வீட்டுக்கு வருகிறேன். பின்கட்டில் சமையலறைக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டிருந்தோமே, இன்னும் இருக்கிறதா? இருந்தால், இடிப்பவர்கள் கடப்பாரையால் அதை அடித்து நொறுக்க விடாதே. நம் ஊரில் அது இன்றும் கடையில் கிடைக்கும் சரக்குதான், அதனாலேயே யாரும் பயப்படுவதில்லை. தண்ணீர் தெளித்து, போல்ட்டைக் கழற்றி, முழுசு முழுசாக இறக்கச் சொல். உடைந்ததை பாலிதீனில் சுற்று. அந்த நேரத்தில் தங்கையும் பேரப்பிள்ளைகளும் பக்கத்து வீட்டில் இருக்கட்டும். மற்ற இடிபாட்டில் செங்கல், கான்கிரீட், மரம், இரும்பு ஆகியவற்றைத் தனித்தனியே குவித்தால் பாதி விலைக்காவது போகும். மிச்சத்தை எங்கே கொட்டலாம் என்று பேரூராட்சி அலுவலகத்தில் கேள். கட்டட இடிபாட்டுக்கென்று 2016 முதலே மத்திய அரசின் விதி இருக்கிறது. சென்ற முறை வந்தபோது கண்மாய்க் கரையில் நாம் உட்காரும் இடத்தில் யாரோ வீட்டு இடிபாடு கொட்டி, குளியலறை ஓடு நீட்டிக்கொண்டிருந்ததே. நீதான் காலில் கீறிக்கொண்டாய்.

ஷீட் இறக்கும் நாளைச் சொல். முன்னதாக வீடியோவில் கூரையைக் காட்டு. எனக்கு நடு இரவாக இருந்தாலும் பரவாயில்லை. மருமகனையும் பக்கத்தில் வைத்துக்கொள், உனக்கு போனைப் பிடிக்கத் தெரியாது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்