சைக்கிள் தடம் எங்கெல்லாம் அறுகிறது: பெங்களூரு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் சாலைப் பொறியாளர்கள், நகர்ப்புற நிலப் போக்குவரத்து இயக்ககம், போக்குவரத்துக் காவல் துறை, நம்ம மெட்ரோ நிர்வாகம்

அனுப்புநர்: அல்சூர், மர்ஃபி டவுன், சிவாஜிநகர், லிங்கராஜபுரம் வட்டாரத்தில் சைக்கிள் பழுது பார்ப்பவர்களும், அதிலேயே வேலைக்குப் போய்வருபவர்களும்

வணக்கம். இந்த மடலின் கன்னடப் படி உங்கள் தபால் பிரிவுக்குத் தனியாக வருகிறது. நம் தெருக்காரர்களும் படித்து, விட்டுப்போனதைச் சேர்க்கட்டும் என்று தமிழிலும் பொதுவில் வைக்கிறோம்.

சைக்கிளைப் பற்றி உங்கள் அறிக்கை எது வந்தாலும் அதில் கிலோமீட்டர் இருக்கிறது. இத்தனை கிலோமீட்டர் தடம் போட்டோம், இத்தனை போடப் போகிறோம் என்று. அல்சூரிலிருந்து சிவாஜிநகருக்கு ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். நிதானமாக மிதித்தால் கால் மணி நேரம். ஊர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சென்னை வெயில் இங்கே இல்லை. இருந்தும் அந்த மூன்று கிலோமீட்டரில் ஆளைப் பயமுறுத்துவது நாலைந்து இடங்கள்தான், ஒவ்வொன்றும் இருபது, முப்பது மீட்டர். மீதி வழி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த நாலு இடத்துக்காகவே வீட்டில் “வேண்டாம்ப்பா, பஸ்ஸிலேயே போ” என்கிறார்கள். ஆகவே தடத்தின் நீளத்தை விட்டுவிட்டு, அது அறுகிற இடங்களைக் கணக்கெடுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

முதலில் சந்திப்புகள். ஃப்ரீ லெஃப்ட் வைத்த சிக்னலில் நேராகப் போக வேண்டிய சைக்கிள்காரர் சாலையின் இடது ஓரத்தில் வருவார். இடதுபுறம் திரும்பும் வண்டிகள் நிற்க வேண்டிய அவசியமே இல்லாததால் அவர் முன்சக்கரத்தை உரசித் திரும்பும். அவற்றுக்கு வழிவிட்டு அவர் நடுவுக்கு வந்தால் பின்னால் வரும் பேருந்து ஹாரன் அடிக்கும். எந்தப் பக்கம் போனாலும் தப்பு. முக்கோணத் தீவுக்கு இடப்பக்கம் வளைந்துபோகும் அந்தத் துண்டுச் சாலையின் ஆரம் 15 மீட்டருக்கு மேல் இருந்தால் வேகத்தை அதிகம் குறைக்காமலே திரும்பலாம்; பிரச்சினையின் வேர் அங்கே இருக்கிறது. மூலையின் ஆரத்தை 5 அல்லது 6 மீட்டராகச் சுருக்கினால் கார் தானாகவே மெதுவாகும். 12 மீட்டர் பேருந்து எப்படித் திரும்பும் என்று உங்கள் பொறியாளர்கள் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். பேருந்தின் பின்சக்கரம் ஏறி இறங்கக்கூடிய, 5 செ.மீ. உயர்த்திய கரடுமுரடான கல் விளிம்பை மூலையில் பதியுங்கள். பேருந்துக்கு அது சாலை, காருக்கு அது ஓரக்கல்.

அடுத்தது சிக்னலின் நேரக்கணக்கு. 36 மீட்டர் அகலமுள்ள சந்திப்பை மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் போகும் பைக் 4 விநாடிக்குள் கடந்துவிடும். கேரியரில் சுமையோடு 12 கி.மீ. வேகத்தில் மிதிப்பவருக்குக் கிட்டத்தட்ட 11 விநாடி வேண்டும். பச்சையின் கடைசி விநாடியில் நுழைந்தவரை 3 விநாடி மஞ்சள் காப்பாற்றாது. மிச்சம் 8 விநாடி அவர் நட்டநடுவில், குறுக்குச் சாலையில் கிளம்பும் கூட்டத்துக்கு எதிரே இருப்பார். எல்லாப் பக்கமும் சிவப்பு நிற்கும் இடைவெளியை 2, 3 விநாடி நீட்டினாலே ஆபத்து குறையும். நிறுத்தக்கோட்டுக்கு முன்னால் சைக்கிளுக்கு வண்ணக் கட்டம் போடும் யோசனை வெளிநாட்டுப் படங்களில் அழகாக இருக்கிறது. இங்கே அதை முதல் பத்து விநாடியில் பைக்குகள் நிரப்பிவிடும், பெயிண்ட் செலவு வீண். வலதுபுறம் திரும்புவோருக்கு எதிர் மூலையில் 2 மீட்டருக்கு 3 மீட்டர் காத்திருக்கும் இடம் ஒதுக்குவது அதைவிட உபயோகம்: நேராகக் கடந்து, அங்கே வண்டியைத் திருப்பி நின்று, அடுத்த பச்சையில் போகலாம். மூன்று வரிசை வண்டிகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நடுவுக்குப் போக வேண்டியதில்லை.

இனி சாலையின் மேற்பரப்பு. இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களிடம் வரும் கோணிய ரிம்மும் வளைந்த ஃபோர்க்கும் இங்கேதான் உண்டாகின்றன.

பழைய தார் மேல் 15 முதல் 20 செ.மீ. கனத்துக்குக் கான்கிரீட் போடுகிறீர்கள். மெயின் ரோடு உயர்ந்துவிடுகிறது. கிராஸ் எனும் குறுக்குத் தெருக்களும் வீட்டு வாசல்களும் பழைய மட்டத்திலேயே நிற்கின்றன. இடையில் சரிவு கொடுக்கப் பேவர் கற்களைப் பதிக்கிறீர்கள். அடியில் மண்ணை இறுக்காமல் பதிப்பதால் முதல் மழைக்காலம் முடிவதற்குள் அவை இரண்டு விரல் உள்வாங்கி, கான்கிரீட்டின் விளிம்பு படிக்கட்டு மாதிரி நிற்கிறது. 5 செ.மீ. படியைக்கூட நேருக்கு நேராக ஏறினால் சைக்கிள் தாங்கும். அதுவே 2 செ.மீ. விளிம்பு சக்கரத்தின் போக்கிலேயே நீளமாக ஓடினால் ஆளைக் கவிழ்த்துவிடும்: டயர் ஏறாமல் விளிம்பை ஒட்டியே வழுக்கும், ஹேண்டில்பார் திரும்பாது, உடம்பு திரும்பிவிடும். மழை நாளில் சொல்லவே வேண்டாம். 15 செ.மீ. உயரத்துக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற கணக்கில் 1.8 மீட்டர் நீளச் சரிவு போதும். அதையும் கான்கிரீட்டிலேயே, அதே நாளில் ஊற்றிவிடுங்கள். பேவர் வேண்டாம்.

மோரி (சாக்கடை) மூடிகள் இன்னொன்று. பால்காரரும் பேப்பர் போடுபவரும் கட்டட வேலைக்காரரும் ஓட்டும் 28 அங்குல வண்டியின் டயர் சுமார் 40 மி.மீ. அகலம். கம்பிகள் போக்குவரத்தின் திசையிலேயே ஓடும்படி பதித்த மூடியில் இடைவெளி அதைவிடச் சற்றுக் கூடினாலும் சக்கரம் உள்ளே இறங்கும், ஓட்டுபவர் ஹேண்டில்பார் மேலே பறப்பார். கம்பி குறுக்கே ஓட வேண்டும், இடைவெளி 20 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. இரும்பு மூடி பழைய இரும்புக் கடைக்குப் போய்விடுகிறது என்பது எங்களுக்கும் தெரியும். அதற்கு மாற்றாகப் பலகைக்கல்லைப் போட்டு நடுவில் கைநுழையும் சந்து விடுகிறீர்களே, அது இன்னும் மோசம். குறுக்குத் துளையிட்ட கான்கிரீட் மூடிக்குப் பழைய இரும்புக் கடையில் விலை கிடையாது.

ஹம்ப் எனும் வேகத்தடை பற்றி ஒரே வரி: இந்தியச் சாலைக் காங்கிரஸ் நெறிமுறை 3.7 மீட்டர் அகலத்துக்கு 10 செ.மீ. உயரம் என்கிறது, ஒரே இரவில் ஒன்றரை அடி அகலத்தில் குவிக்கப்படும் தார் மேடு அதில் சேராது.

தடத்தைப் பிரிக்க நடும் கம்பங்களுக்கு வருவோம். 2020-ல் வெளிவட்டச் சாலையில் தற்காலிகத் தடம் அமைத்தபோது பிளாஸ்டிக் கம்பங்கள் நடப்பட்டன. இப்படிப்பட்ட கம்பங்கள் முதலில் விழுவது கேட் வாசலிலும் பேருந்து நிறுத்தத்திலும், அதாவது வண்டிகள் திரும்பும் இடத்தில். கம்பம் போன பிறகு தரையில் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் டயரைக் கிழிக்கும், இருட்டில் ஆளைத் தள்ளும். கம்பத்தை மாற்றப் பணம் இல்லையென்றால் போல்ட்டையாவது அறுத்தெடுங்கள். கம்பங்களுக்கு இடையே 1.2 மீட்டர் விட்டால் ஆட்டோ நுழையாது, அதன் அகலம் 1.3 மீட்டர். பைக்கை மட்டும் தடுத்து சைக்கிளை விடும் இடைவெளி என்று ஒன்று கிடையாது. சைக்கிள் ஹேண்டில்பார் 55 முதல் 70 செ.மீ., பைக்கினுடையது 70 முதல் 80. அந்த வித்தியாசத்தில் இரும்பை நட்டால் முதலில் மாட்டுவது சாமான் ஏற்றும் மூன்றுசக்கர வண்டியும் சக்கர நாற்காலியும். பைக்கைத் தடுக்க வேண்டியது கேமராவும் அபராதமும். கம்பத்துக்குப் பதில் ஓரக்கல் வைப்பதாக இருந்தால் உயரம் 8 செ.மீ.க்குள் இருக்கட்டும், சைக்கிள் பக்கம் சாய்வாகச் செதுக்கியிருக்கட்டும், இல்லாவிட்டால் கீழே வரும் பெடல் அதில் இடிக்கும். தடத்தின் அகலம் ஒருவழிக்கு 2 மீட்டர், இருவழிக்கு 3 மீட்டர். அதைவிடக் குறுகினால் சுமை வண்டியைத் தாண்டிப்போக முடியாது, ஆட்கள் மறுபடி சாலையில்தான் இறங்குவார்கள். பேருந்து நிறுத்தத்தில் தடத்தை நிழற்குடையின் பின்பக்கமாகக் கொண்டுபோங்கள்.

போய்ச் சேர்ந்த பிறகு வண்டியை எங்கே விடுவது? முன்சக்கரத்தை மட்டும் செருகும் ஸ்டாண்டு வாங்குவதை இன்றோடு நிறுத்தலாம். பக்கத்து வண்டி சாய்ந்தால் ரிம் கோணும்; பூட்டினால் சக்கரம் மட்டும் மிஞ்சும், மற்றதைத் திருடன் கழற்றிக்கொண்டு போவான். 50 மி.மீ. குழாயைத் தலைகீழ் ‘ப’ வடிவில் வளைத்து, 75 செ.மீ. உயரம் வெளியே தெரியும்படி, 30 செ.மீ. கான்கிரீட்டில் புதைத்து, ஒன்றுக்கொன்று 1 மீட்டர் விட்டு நடுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு வண்டி, ஃபிரேமோடு சேர்த்துப் பூட்டலாம். ஒரு கார் நிற்கும் 5 மீட்டருக்கு 2.5 மீட்டர் இடத்தில் ஐந்து குழாய், பத்து சைக்கிள். மெட்ரோ நிலையத்தில் இதை வாசலுக்கும் காவலாளியின் பார்வைக்கும் அருகில் வையுங்கள், கார் நிறுத்தத்தின் கடைக்கோடி மூலையில் வேண்டாம்.

திருட்டைப் பற்றி அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் சட்டங்களின்படி, 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை ஒருவர் முதல்முறை திருடி, அதைத் திருப்பித் தந்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை. அந்தத் தொகைக்குக் கீழான திருட்டு, காவலர் தாமாக விசாரிக்கக்கூடிய குற்றமாகவும் பட்டியலிடப்படவில்லை. நீதித்துறை நடுவரின் உத்தரவு வேண்டும். பழைய 28 அங்குல வண்டியின் விலை பெரும்பாலும் அந்த 5,000-க்குக் கீழேதான். லட்ச ரூபாய் கியர் சைக்கிள் தொலைந்தால் எஃப்.ஐ.ஆர்., கூலிக்காரரின் வண்டி தொலைந்தால் காவலர் தாமாக விசாரிக்க முடியாத குற்றம் என்று பதியும் ஒரு என்.சி.ஆர். துண்டுச்சீட்டு. சட்டத்தை மாற்றுவது உங்கள் கையில் இல்லை. ஆனால் பெடல் அச்சுக்கூட்டின் அடியில் பொறித்திருக்கும் ஃபிரேம் எண்ணை அந்தச் சீட்டில் எழுதிக்கொள்வதும், பழைய சைக்கிள் விற்கும் கடைகளுக்கு அந்த எண்களைச் சுற்றுக்கு விடுவதும் காவல் நிலையத்தாலேயே முடியும். அந்தப் பட்டியல் சுவரில் இருந்தால் எங்கள் கடைகளிலும் ஒத்துப்பார்ப்போம்.

மெட்ரோ நிர்வாகத்துக்குத் தனியாக ஒன்று. மடக்கு சைக்கிளைக் கடைசிப் பெட்டியில் கொண்டுவரலாம் என்று 2022-ல் அனுமதித்தீர்கள், நன்றி. ஆனால் விதித்த அளவு 60, 45, 25 செ.மீ. கடையில் அதிகம் கிடைக்கும் மடக்கு சைக்கிளின் 20 அங்குலச் சக்கரமே டயரோடு சேர்த்து 50 செ.மீ. விட்டம். சக்கரமே அடங்காத பெட்டிக்குள் சைக்கிளை எப்படி அடக்குவது? பயணப்பெட்டிக்கான அளவை அப்படியே எழுதிவிட்டதாகத் தெரிகிறது. 85, 65, 40 என்று திருத்தினால் அனுமதி உயிர்பெறும். நடைமேம்பாலப் படிகளிலும் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஏற, ஓரமாக 10 செ.மீ. அகலத்துக்குச் சக்கரம் ஓடும் ஒரு பள்ளத் தடம் வேண்டும். 20 கிலோ வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு படி ஏற யாராலும் தினமும் முடியாது.

காற்றும் பஞ்சரும் சின்ன விஷயமாகத் தோன்றும். பெட்ரோல் பங்க்கின் காற்றுக்குழாய் கார், பைக் வால்வுக்கானது. 28 அங்குல வண்டியின் பழைய வால்வில் அது பொருந்தாது. வாடகை ஏறியதால் தெருமுனைக் கடைகள் போய்க்கொண்டிருக்கின்றன. பஞ்சரானால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் தூரமும் கூடுகிறது. தெருவில் சேவை தருபவரும் தெரு வியாபாரியே என்று 2014-ன் தெரு வியாபாரிகள் சட்டம் சொல்கிறது. ஒரு கைப்பம்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒட்டு, சொல்யூஷன், டயர் நெம்பி, ஸ்போக் சாவி: இவ்வளவுக்கும் 2 மீட்டருக்கு 1.5 மீட்டர் இடம் போதும். ஒவ்வொரு மெட்ரோ நிலையத்தின் அருகிலும் அந்த அளவு இடத்தை நகர விற்பனைக் குழு குறித்துக் கொடுக்கட்டும்.

இதெல்லாம் கருணையின் பேரில் கேட்பதாக நினைக்க வேண்டாம். கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ல் தொடுத்த வழக்கில், நடப்போருக்கும் மோட்டார் இல்லாத வண்டிகளுக்குமான விதிகளை மோட்டார் வாகனச் சட்டத்தின் 138(1ஏ) பிரிவின் கீழ் வகுக்கும்படி 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. கர்நாடகம் எழுதும் விதிகளில் மேலே சொன்ன அளவுகள் இடம்பெற வேண்டும். அளவு இல்லாத விதியை ஒப்பந்ததாரர் தன் வசதிக்குப் படித்துக்கொள்வார்.

தொடங்குவதற்கு ஒரே ஒரு வழி போதும்: அல்சூர் மெட்ரோ நிலையத்திலிருந்து சிவாஜிநகர் பேருந்து நிலையம் வரை. ஆய்வை மாலை 6.30-க்கு மேல் வையுங்கள்; நடுத்தடுப்பில் நட்ட விளக்கின் வெளிச்சம் மரக்கிளையைத் தாண்டி இடது ஓரத்துக்கு எவ்வளவு வருகிறது என்பது அப்போதுதான் தெரியும். காரில் வராதீர்கள். 28 அங்குல வண்டிகளைக் காற்றடித்து, பிரேக் பார்த்து, கேரியரில் இருபது கிலோ சிமெண்டும் கட்டித் தருகிறோம். அறுகிற இடம் ஒவ்வொன்றிலும் நின்று குறித்துக்கொள்ளச் சாக்பீஸ் மட்டும் நீங்கள் கொண்டுவந்தால் போதும்.