துணைவினைப் பாடத்துக்கு ஒரு திருத்தம்

பள்ளி இலக்கணப் பாடநூல் எழுதும் குழுவினருக்கு,

வணக்கம். துணைவினைப் பாடம் பெரும்பாலும் ஒரு பட்டியலாகவே நின்றுவிடுகிறது: விடு, கொள், இரு, போடு. மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள், தேர்வில் எழுதுகிறார்கள், மறக்கிறார்கள். முழு வினையாக இருந்த சொல் எப்படித் துணைவினை ஆயிற்று என்ற கேள்வி வகுப்பில் எழுவதே இல்லை. அந்தக் கேள்வியைப் பாடத்தின் நடுவில் வைக்க வேண்டும் என்று கேட்கவே இம்மடல்.

'விட்டுவிட்டான்' என்ற ஒரு சொல் போதும். அதில் இரண்டு 'விடு' உண்டு. முன்னது கைவிடுதல் என்ற முழுப் பொருளோடு நிற்கிறது. பின்னது செயல் முடிந்தது என்பதை மட்டும் சொல்கிறது. பழைய பொருள் தேய்ந்திராவிட்டால் 'விட்டு' என்பதன் பின்னாலேயே இன்னொரு 'விடு' வந்து ஒட்டியிருக்காது.

அடுத்தது இறுக்கம். 'கிளியைப் பிடித்து விட்டான்' என்பதை நிறுத்திச் சொன்னால், பிடித்தான், பிறகு பறக்க விட்டான். சேர்த்துச் சொன்னால், கிளி அவன் கையில்தான் இருக்கிறது. நடுவே 'வெளியே' என்ற சொல்லைச் செருகிப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் பொருளில் அது இடம்பிடிக்கும், இரண்டாவதில் பிடிக்காது. துணைவினையைப் பிரிக்காமல் சேர்த்து எழுத வேண்டும் என்ற விதிக்குக் காரணம் இதுவே. காரணம் சொல்லாமல் விதியை மட்டும் கொடுப்பதால்தான் விடைத்தாள்களில் இடைவெளி கண்டபடி விழுகிறது.

மூன்றாவது ஒலி. பேச்சில் அது 'விட்டுட்டான்'. முன் 'விடு' அப்படியே இருக்க, பின் 'விடு' மட்டும் தன் 'வி'யை இழக்கிறது. 'பணத்தை விட்டான்' என்பதை யாரும் 'பணத்தை ட்டான்' என்பதில்லை. எந்த இடத்தில் தேயலாம், எந்த இடத்தில் கூடாது என்பதைப் பேசுபவர் அனைவரும் பிசகாமல் கடைப்பிடிக்கிறார்கள். இதைக் கொச்சை என்று ஒதுக்கினால், விதியைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பை மாணவரிடமிருந்து பறிக்கிறோம். தேர்வில் 'விட்டுவிட்டான்' என்றே எழுதட்டும். அதில் எங்களுக்கு மாற்றுக்கருத்து இல்லை. பாடநூலில் 'பேச்சு வடிவம்' என்று குறித்தால் போதும்.

முழுச் சொல் தேய்ந்து இலக்கண உறுப்பாக மாறும் இந்தப் போக்குக்கு 1912இல் அந்துவான் மெய்யே என்ற பிரெஞ்சு மொழியியலாளர் இலக்கணமாதல் என்ற பொருளில் பெயரிட்டார். தமிழில் இது புதிதன்று. நன்னூல் காட்டும் நிகழ்கால இடைநிலைகள் ஆநின்று, கின்று, கிறு. 'உண்ணாநின்றான்' என்பதில் 'நில்' இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது. இலத்தீனில் நிற்றலைக் குறித்த 'ஸ்தாரே'யும் ஸ்பானிய மொழியில் 'எஸ்தார்' ஆகி, நடந்துகொண்டிருக்கும் செயலைக் காட்டும் துணைவினையாக வேலை செய்கிறது. தொடர்பே இல்லாத இரு மொழிகள் ஒரே வழியில் நடந்திருக்கின்றன. காலம் காட்டும் இடைநிலைகளை என்றும் மாறாதவை போல அட்டவணையில் அடைத்தால் இது தெரியாமலே போகும்.

மொழியின் தோற்றம் பற்றிய முன்னுரைகளிலும் கவனம் வேண்டும். சைகை, பின் ஒலி, பின் சொல் என்ற வரிசை நிறுவப்பட்ட உண்மை அன்று. ஊகங்கள் பெருகியதால் பாரிஸ் மொழியியல் கழகம் 1866இல் தன் விதிகளிலேயே இந்தப் பொருளுக்குத் தடை போட்டது. அந்த இடத்தில் கண்ணால் கண்டதைச் சொல்லலாம். நிகராகுவாவில் 1970களின் பிற்பகுதியில் காதுகேளாத பிள்ளைகள் பள்ளிகளில் ஒன்றுகூடியபோது ஒரு புதிய சைகைமொழி உருவாயிற்று. உருண்டு இறங்குவதை முதலில் வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே அசைவில் காட்டினார்கள். பின்னால் வந்த சிறு பிள்ளைகள் 'உருள்', 'இறங்கு' என இரண்டாகப் பிரித்து அடுத்தடுத்து வைத்தார்கள்.

அடுத்த பதிப்பில் துணைவினைப் பாடத்தின் இறுதியில் ஒரு பயிற்சி சேருங்கள். மாணவர் ஒவ்வொருவரும் வீட்டில் கேட்ட பத்து வாக்கியங்களை ஒலி மாறாமல் எழுதி வரட்டும். ஒவ்வொன்றிலும் பொருள் தேய்ந்ததா, இடையில் சொல் நுழைகிறதா, ஒலி குறைந்ததா என்று குறிக்கட்டும். சரிபார்க்க ஒரு வகுப்பு நேரம் போதும்.

இப்படிக்கு,
மொழியியல் கற்பிப்போர் சிலர்